மதுரையில் வாடகைக்கும் ஒத்திக்கும் வீடு பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், ரசீது வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்திரம் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்துச் சலித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

11 மாதம் போதும் என்ற நினைப்பு

ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் பிறந்தது இந்தப் 11 மாதக் கணக்கு. ஆனால் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி எத்தனை மாத வாடகையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நோட்டரி முத்திரை இதற்கு ஈடாகாது.

ஒத்திப் பணம்

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. வாடகை இல்லை, போகும்போது மொத்தப் பணமும் திரும்ப வரும் என்று நகையை விற்று லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். கையில் இருப்பதோ முத்திரைத்தாளில் டைப் அடித்த இரண்டு பக்கம்.

வில்லாபுரம் பக்கம் ஒரு தம்பதி 4 லட்சம் கொடுத்துக் குடியேறினார்கள். ஒரு நாள் கதவில், போன பொங்கலுக்குக் கட்டிய மாவிலைக்குக் கீழே, வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் ஏற்கெனவே கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டிருக்கிறார். ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒத்திப் பத்திரத்தை அந்த அம்மா என் முன்னால் விரித்தார். "நோட்டரி கையெழுத்து இருக்குல்ல சார்?" என்றார். என்ன பதில் சொல்வது?

ஒத்தி என்பது அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இந்த மாதிரி அடமானத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். மாத வாடகையே இல்லாத இடத்தில் வாடகைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போராடுவதும் லேசில்லை. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில், சொத்தின் மேல் பதிவான கடன், அடமானம் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தாலும் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் தராதீர்கள். "பீரோவில் இருக்கு, சாவி ஊரில் இருக்கு" என்றால், பத்திரம் பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கும். பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், வங்கி வழியாகவே கொடுங்கள்.

அட்வான்ஸ்

3 மாத வாடகைதான் வரம்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை. 10 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசிப் பயனில்லை.

வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால்

சும்மா இருக்காதீர்கள், மணியார்டர் அனுப்புங்கள்.

தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தினால்

தெருவில் நின்று சண்டை போட வேண்டாம். அன்றே வாடகை அதிகாரிக்கு மனு எழுதுங்கள்.