ஒலிப்பதிவின்போது கணினி திக்காமல் இருக்க

பாடகர் தம் குரலை ஹெட்போனில் தாமதமின்றிக் கேட்க வேண்டுமென்றால், முதலில் ஒலிப்பதிவு மென்பொருளின் பஃபர் (ஒலித்தரவைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் நினைவிடம்) அளவைக் கவனிக்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் (சாம்பிள்கள்) என்ற வேகத்தில், 128 மாதிரிகள் கொண்ட பஃபர் ஒரு வழியில் ஏறத்தாழ 2.9 மில்லிநொடித் தாமதத்தையே தரும். 512 என்றால் அது 11.6 ஆகிவிடும். ஆகவே பதிவின்போது 128-ஐயும், பிளகின்கள் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) குவிந்து பிராசஸர் திணறும் மிக்ஸிங்கின்போது, அதற்கு அவகாசம் கிடைக்க 512 அல்லது 1024-ஐயும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில், ஆடியோ இன்டர்ஃபேஸைத் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) தயாரித்த நிறுவனமே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவி, பவர் பிளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்கு மாற்றுங்கள். அப்படியும் ‘டிக் டிக்’ என்று இடையில் வெடிப்பொலி கேட்டால், வைஃபையை அணைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பிளகின்கள்மீது நான் பழிபோட்டுவந்த கோளாறு, அந்த ஒரே சொடுக்கில் நின்றது: வைஃபை டிரைவர் பிராசஸரைச் சில மில்லிநொடிகள் பிடித்துவைத்துக்கொள்ள, அதற்குள் பஃபர் காலியாகிக்கொண்டிருந்தது.