மூன்று முதல் இதழ்கள்: சினிமா வழி வந்த காமிக்ஸைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்கா மகன் போன கோடை லீவில் ‘டார்த் வேடர்’ காமிக்ஸ் இரண்டு வாங்கினான். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் கறுப்புக் கவசத்தோடு வரும் வில்லன்தான் இந்த வேடர். இணையத்தில், யாரோ ஒருவர் படித்துவிட்டு விற்றவை. முதல் இதழ் ஒன்று, இரண்டாம் இதழ் ஒன்று. இரண்டையும் முடித்துவிட்டு உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து என்னிடம் வந்தான். “இன்னா மாமா இது? ஒண்ணுல அந்தாளு புள்ளைய ஒளிச்சு வெச்சவங்களத் தேடினு கீறான். ரெண்டுல வாள் தேடினு கீறான். நடுவுல ஏதோ பக்கம் கிழிஞ்சிருக்கு.”

பக்கம் எதுவும் கிழியவில்லை. அவன் கையில் இருந்தவை இரண்டு வேறு தொடர்கள். மார்வெல் நிறுவனம் ‘டார்த் வேடர்’ என்ற ஒரே பெயரில் 2015, 2017, 2020 என மூன்று முறை தொடர் ஆரம்பித்திருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி முதல் இதழ் உண்டு. 2015 தொடர் முதலில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கும் அடுத்து வந்த படத்துக்கும் நடுவில் நடக்கிறது. 2017 தொடர் வேடர் அந்தக் கறுப்புக் கவசத்துக்குள் போன கையோடு தொடங்குகிறது. அவனுக்கு அப்போது சொந்தமாக ஒரு சிவப்பு வாள்கூட இல்லை. 2020 தொடரோ, “நான்தான் உன் அப்பன்” என்று சொல்லி மகன் கையை உதறிவிட்டுப் போன பிறகு. என் மருமகன் 2020 இன் முதல் இதழையும் 2017 இன் இரண்டாம் இதழையும் சேர்த்துப் படித்திருக்கிறான். விற்றவருக்கும் தெரிந்திருக்காது, பாவம்.

இந்தத் தவறு நம் ஊர் வாசகனுக்கு இன்னும் சுலபமாக நேரும். நாம் வளர்ந்த விதம் அப்படி. 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் சரி, 1984 இல் வந்த லயனும் ராணி காமிக்ஸும் சரி, இதழ் எண் ஒரே கோடாக ஓடும். ராணி ஐநூறு வரைக்கும் அப்படித்தான் எண்ணிக்கொண்டே போனது. அதனால் அட்டையில் ‘2’ என்று இருந்தால் ‘1’ க்கு அடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். அமெரிக்காவில் புது எழுத்தாளர் வந்தால் பல நேரம் எண்ணை மறுபடி ஒன்றில் வைப்பார்கள். காரணம் வியாபாரம்: முதல் இதழ் என்றால் விற்கும். 2015 ஜனவரியில் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழ் பத்து லட்சம் பிரதிகளை ஒட்டி அச்சாகி வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே எண்ணோடு சேர்த்து, தொடர் தொடங்கிய வருஷத்தையும் எழுத்தாளர் பெயரையும் பார்க்க வேண்டும். 2015 என்றால் கீரன் கில்லன், 2017 என்றால் சார்ல்ஸ் சூல், 2020 என்றால் கிரெக் பாக்.

வருஷம் பார்க்காததால் வரும் இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. ‘டார்க் எம்பயர்’ என்று ஒரு ‘ஸ்டார் வார்ஸ்’ தொடர், 1991 டிசம்பரில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் தொடங்கியது. வேடரின் எஜமானனான, செத்துப்போன பேரரசன் புது உடம்பில் திரும்பி வருவான், வேடரின் மகன் லூக் கொஞ்ச காலம் அவன் பக்கமே சாய்ந்துவிடுவான். அதைப் படித்தவர்கள், 2019 இல் வந்த படத்திலும் பேரரசன் திரும்பி வந்ததைப் பார்த்து இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்ப்பார்கள். கட்ட முடியாது. 2012 இல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல், காமிக்ஸ் ஏறத்தாழ எல்லாவற்றையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியே ஒதுக்கிவிட்டார்கள். இனி வரும் படங்கள் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

இதை மருமகனுக்கு விளக்க எங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் எடுத்தேன். அதில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருக்கிறது. 1989 இல் அந்த மாவட்டம் இரண்டானது. மிச்சம் இருந்த பாதி பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019 இல் அதையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். இன்றைய வரைபடத்தில் வட ஆற்காடு கிடையாது. அதற்காகப் பத்திரம் பொய்யா? அந்தத் தேதியில் அது உண்மை. பழைய பத்திரத்தில் ராணிப்பேட்டை மாவட்டத்தைத் தேடினால் தப்பு நம்முடையது. ‘டார்க் எம்பயர்’ வட ஆற்காடு. 2015 முதல் மார்வெலில் வந்தவை இன்றைய மாவட்டங்கள். ‘லெஜண்ட்ஸ் எல்லாம் செல்லாது, படிக்காதே’ என்று சொல்பவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஓவியர் கேம் கென்னடி அந்தத் தொடரில் பூசியிருக்கும் பச்சையும் நீலமும் செல்லாமல் போகுமா என்ன?

வருஷத்தைக் கவனிக்காவிட்டால் அநியாயமாக எழுத்தாளர் மேல் பழி விழும் என்பதற்கு ‘ஏலியன்ஸ்’ நல்ல உதாரணம். 1986 இல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தின் முடிவில் ஹிக்ஸ் என்ற சிப்பாயும் நியூட் என்ற சிறுமியும் பிழைத்துக்கொள்வார்கள். 1988 இல் டார்க் ஹார்ஸ் ஆறு இதழ்களில், கறுப்பு வெள்ளையில், அவர்கள் கதையைத் தொடர்ந்தது. மார்க் வெர்ஹைடன் எழுத்து, மார்க் நெல்சன் ஓவியம். நியூட் வளர்ந்து பெரியவளாகி மனநல விடுதியில் கெட்ட கனவுகளோடு கிடக்கிறாள். ஹிக்ஸ் முகத்தில் தழும்போடு திரிகிறான். அருமையான தொடக்கம். 1992 இல் மூன்றாவது படம் வந்தது. படம் ஆரம்பித்த சில நிமிஷத்தில் இருவரும் செத்துக் கிடக்கிறார்கள். பதிப்பகம் என்ன செய்யும்? அடுத்து வந்த மறுபதிப்புகளில் ஹிக்ஸை வில்க்ஸ் என்றும், நியூட்டைப் பில்லி என்றும் மாற்றிவிட்டார்கள். அதே முகம், அதே தழும்பு, பெயர் மட்டும் வேறு. அந்தப் பதிப்பைக் கையில் எடுத்தவர்கள், ‘இதென்ன, படத்தில் வந்தவர்களை அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள்’ என்பார்கள். பழைய பதிப்பைப் படித்தவர்களோ, ‘படத்தில் செத்தவர்கள் இங்கே எப்படி, எழுத்தாளர் படமே பார்க்கவில்லையா’ என்பார்கள். 2016 இல் வந்த கெட்டி அட்டைப் பதிப்பில் பழைய பெயர்களே திரும்பி வந்தன. கிடைத்தால் அதைப் படியுங்கள்.

காமிக்ஸ் எப்போதும் படத்தின் வாலாகத்தான் வரும் என்று நினைப்பதும் சரியில்லை. ஏலியனும், இன்னொரு படவரிசையில் வரும் வேற்றுக்கிரக வேட்டைக்காரனான பிரிடேட்டரும் மோதிக்கொண்டது முதலில் காமிக்ஸில்தான். படம் 2004 இல் வந்தது. அதற்குப் பதினாலு பதினைந்து வருஷம் முன்பே டார்க் ஹார்ஸ் அந்தச் சண்டையைப் போட்டுவிட்டது.

சிலர் இணையத்திலிருந்து ஒரு காலவரிசைப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, கதைக்குள் எது முந்தி நடந்ததோ அதிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். படங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்னால் நடக்கும் ஜெடாய் (‘ஸ்டார் வார்ஸ்’ வாள் வீரர்கள்) கதைகள் அந்தப் பட்டியலின் தலையில் இருக்கும். தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. மூன்றாவது புத்தகத்தில் மூடிவைத்துவிடுவார்கள். அச்சான வரிசையே நல்ல வரிசை. புதிதாக வருபவர் 2015 இன் ‘ஸ்டார் வார்ஸ்’, ‘டார்த் வேடர்’ இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கட்டும். இரண்டும் பக்கத்து வீடுகள் மாதிரி. இரண்டிலும் ஆறாம் இதழில் ஒரே காட்சி வரும்: தன்னிடமிருந்து தப்பிய பையன் பெயர் ஸ்கைவாக்கர் என்று வேடருக்குத் தெரியும் இடம். ஒன்றில் போபா ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரன் வந்து செய்தி சொல்வதைப் பார்ப்போம். மற்றதில் நாம் வேடரின் தலைக்குள் இருப்போம்.

அந்த ‘டார்த் வேடர்’ ஆறாம் இதழை என் மருமகன் இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிட்டான். “டயலாக்கே இல்ல மாமா.” அங்கேதான் கோட்டை விட்டான். சினிமாவில் இந்த இடத்துக்கு இசை இருக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது நம்மை இழுத்துப் போகும். காமிக்ஸில் இசை கிடையாது, வேடரின் முகமூடியிலோ பாவம் மாறாது. ஓவியர் சால்வடோர் லரோக்கா என்ன செய்கிறார் பாருங்கள்: அசையாத முகமூடி, நடுநடுவே பழைய நினைவுகள், பிறகு அவன் எதிரில் இருக்கும் கண்ணாடி விரிசல் விடுகிறது. கோபம் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. வசன பலூன் இல்லாத பக்கத்தில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். மறுபடி படிக்கச் சொன்னேன். காட்பாடி ஜங்ஷனில் ரயில் லேட்டான ஒரு நாள் படித்தானாம்.

‘வேடர் டவுன்’ மாதிரியான கூட்டுக்கதைகள் பற்றி ஒரு வரி. ஆறு பாகம், ஒன்று தனி இதழ், மற்றவை ‘டார்த் வேடர்’ 13, 14, 15, ‘ஸ்டார் வார்ஸ்’ 13, 14 என்று சிதறிக் கிடக்கும். தொகுப்பாக வாங்கிவிடுங்கள். அப்படியே, மே மாதம் வேலூரில் வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். பிசின் போட்டு ஒட்டிய முதுகு, வெந்துவிடும்.

கடைசியாக, படத்தை அப்படியே காமிக்ஸ் ஆக்கியது என்று அட்டையில் போட்டிருந்தால் ‘படம்தான் பார்த்தாச்சே’ என்று ஒதுக்குவது. மார்வெலின் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ இதழ் 1977 ஏப்ரலில் கடைக்கு வந்தது. படம் மே 25 அன்றுதான். எடிட்டிங் முடியும் முன்பே, திரைக்கதையையும் ஸ்டில்களையும் வைத்து ராய் தாமஸும் ஹோவர்ட் சேக்கினும் உருவாக்கியது. அதனால் படத்தில் வெட்டுப்பட்ட காட்சிகள் இந்தத் தொடரில் தங்கிவிட்டன. லூக் தன் ஊரில் நண்பன் பிக்ஸோடு பேசுவது ஒன்று. கடத்தல்காரன் ஹான் சோலோவிடம் ஜப்பா என்ற தாதா கடனைக் கேட்டு வருவது இன்னொன்று.

அந்த ஜப்பா பக்கத்தில் மருமகன் நின்றுவிட்டான். மஞ்சளாக, இரண்டு காலில் நிற்கும், மீசை வைத்த ஒரு ஆள்.

“யாரு மாமா இது?”

“ஜப்பா.”

“அப்ப படத்துல வர்ற அந்தக் கொழுத்த நத்தை?”

“அது பொறக்க இன்னும் ஆறு வருஷம் இருக்குடா.”