நடைபாதைவாசிகளோடு தனிமை எழுத்தாளர் பழகத் தொடங்குவது எப்படி?

நாள் முழுவதும் அறைக்குள் அமர்ந்து எழுதும் ஒருவர், சென்னை வால்டாக்ஸ் சாலை போன்ற இடங்களில் தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் குடும்பங்களோடு பழக விரும்பினால், முதலில் குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அடுப்பும் பாயும் இருக்கும் அந்த இடம் அவர்களுடைய வீடு, எனவே பாயை மிதிக்காமல், "வரலாமா அக்கா?" என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தில் உட்காருங்கள். உழைக்காதவர்கள் என்ற ஊர்ப்பேச்சு அநியாயமானது; சுமை தூக்குபவர்களும் வீட்டுவேலை செய்பவர்களும் அவர்களுள் பலர். ஒருவர் தங்குமிடம் கேட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் விசாரியுங்கள். பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டிருப்பதால், உரிமையோடே கேட்கலாம். அவர் கதையை எழுதினால், அவருக்கு வாசித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே வெளியிடுங்கள். அவர் மறுத்தால் கதையை விட்டுவிட்டு, பழக்கத்தைத் தொடருங்கள்.