பழைய அமெரிக்கப் பென்னி கையில் கிடைத்தால் செய்யக்கூடாதவை

2025 நவம்பரில் அமெரிக்கா புழக்கத்துக்கான பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு, அடிப்பதை நிறுத்தியதிலிருந்து, சில்லறை டப்பாவைக் கொட்டிக் கிளறுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கிளறட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழியில்தான் இவர்களும் போய் விழுகிறார்கள்.

கழுவாதீர்கள்

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. நண்பர் வீட்டில் ஒரு 1909-எஸ் வி.டி.பி. இருந்தது. எஸ் என்றால் சான்பிரான்சிஸ்கோ; அங்கே வெறும் 4,84,000 அடித்த காசு, பின்பக்கம் அடியில் அதை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள்; அவை ரொம்பத் துருத்திக்கொண்டு தெரிகின்றன என்று புகார் கிளம்பி, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். நல்ல பழுப்பு, எழுத்துகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பழைய சிவப்பு மிச்சமிருந்தது. அடுத்த முறை போனபோது குத்துவிளக்கு மாதிரி மின்னியது. புளி போட்டுத் தேய்த்தார்களாம்!

அச்சு ஓங்கி இறங்கும்போது செம்பு ஓரத்தை நோக்கி ஓடி, மிக நுண்ணிய கோடுகளாகப் படிகிறது. புதுக்காசைச் சாய்த்தால் வெளிச்சம் சுழல்வது அந்தக் கோடுகளால்தான். புளியின் அமிலம் அந்த மேல்தோலையே தின்றுவிடும், தேய்த்த கீறல் வேறு. அப்புறம் வருகிற பளபளப்பு பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடனே தெரியும். தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், கழுவிய காசு என்று எழுதி, தர எண் போடாமல் திருப்பி அனுப்புவார்கள். விலை சரிந்தது சரிந்ததுதான், போன தோலைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டுமா, சுத்தமான அசிட்டோனில் ஊறப்போட்டு, தேய்க்காமல் எடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்.

1943

வெள்ளையாக இருக்கிறதே, அபூர்வமோ என்கிறார்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் நூறு கோடிக்கு மேல் அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்பில் விழுந்த சில காசுகளுக்குத்தான் பெரிய விலை. அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகுக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். ஒட்டாவிட்டாலும் குதிக்காதீர்கள், 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்குகிறவர்கள் உண்டு.

1914-டி

டி என்றால் டென்வரில் அடித்தது. முன்பக்கம் லிங்கன் தோளுக்குக் கீழே பாருங்கள். அங்கே வி.டி.பி. வந்தது 1918இல்தான். உங்கள் 1914இல் அது இருந்தால், யாரோ 1944-டி ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள்.

பிவிசி உறை

இந்த பிளாஸ்டிக் உறை காசைப் பச்சையாகப் பிசுபிசுக்க வைக்கும். இன்றே மாற்றுங்கள்.

யூடியூப் விலை

அதில் சொல்லும் விலையை நம்பாதீர்கள், விற்று முடிந்த ஏல விலையைப் பாருங்கள்.

1982

எடை போடுங்கள். 3.11 கிராம் என்றால் செம்பு, 2.5 என்றால் துத்தநாகம். அந்த வருடம் இரண்டும் அடித்தார்கள்.