டியூடர் காலக் கிளர்ச்சிகள்: காரணம் தேடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டியூடர் அரச வம்சம் ஆண்ட காலத்தில், 1536-இல் வட இங்கிலாந்தில் எழுந்த ‘அருள் யாத்திரை’ மதக் கிளர்ச்சி. 1549-இல் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையில் நடந்தது நிலக் கிளர்ச்சி. இப்படி ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்துவதுதான் முதல் தவறு. இதைவிடப் பரவலான தவறும் இல்லை. 1536 டிசம்பரில் பான்டிஃப்ராக்டில் கிளர்ச்சியாளர்கள் வகுத்த 24 கோரிக்கைகளைப் படித்தால் இது விளங்கும். அரசன் எட்டாம் ஹென்றியின் அரசு மூடிய மடாலயங்களைத் திறக்க வேண்டும், அரசனின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லைத் தண்டிக்க வேண்டும் என்பவற்றோடு, பொது நிலங்களை வேலியிட்டு வளைப்பதைத் தடுக்க வேண்டும், யார்க்கிலோ நாட்டிங்காமிலோ நாடாளுமன்றம் கூட வேண்டும் என்பவையும் அதே பட்டியலில் உள்ளன. ஏழைகளுக்கு அன்னமிட்ட இடமும் மடாலயமே என்பதால், அதன் மூடல் அவர்களுக்கு வழிபாட்டின் இழப்பாகவும் வாழ்வாதாரத்தின் இழப்பாகவும் ஒருசேர வந்தது.

கெட்டின் 29 கோரிக்கைகளில் மேய்ச்சல் நில உரிமையும் பண்ணையடிமைகளின் விடுதலையும் இருக்கின்றன. பிரசங்கிக்கத் தெரியாத குருமாரை நீக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. மவுஸ்ஹோல்ட் மேட்டில் அவரது முகாமில் சீர்திருத்தச் சபையின் புதிய ஆங்கில வழிபாட்டு நூலின்படியே ஜெபம் நடந்தது. அதே ஆண்டு ஜூனில் டெவனின் சாம்ஃபர்ட் கோர்ட்னி கிராமத்தார் அந்த நூலை ஏற்க மறுத்து, பழைய லத்தீன் திருப்பலியையே நிறைவேற்றும்படி தம் குருவை வற்புறுத்தினார்கள்; அதுவும் கிளர்ச்சியாக வளர்ந்தது. ஆகவே ‘1549 கிளர்ச்சிகள்’ என்று இரண்டையும் ஒரே காரணத்தில் அடக்க முடியாது.

அரசனை வீழ்த்தவே அனைவரும் எழுந்தார்கள் என்று கொள்வது அடுத்த தவறு. யாத்திரையினர் அரசனுக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய்துகொண்டே, அவனைச் சூழ்ந்த தீய ஆலோசகர்களை எதிர்த்தார்கள். அதை வெறும் வேடம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. தலைவர் ராபர்ட் ஆஸ்க், எட்டாம் ஹென்றியின் வாக்கை நம்பி அந்தக் கிறிஸ்துமசுக்கு அரசவைக்கே சென்றார். மறு ஆண்டு யார்க்கில் தூக்கிலிடப்பட்டார்.

உடனடித் தூண்டுதலையே முழுக் காரணமாகக் கொள்வதும் பிழை. 1536 அக்டோபர் 1 அன்று இரவு, லிங்கன்ஷையரின் லவுத் ஊரார் தங்கள் தேவாலயத்தின் வெள்ளிச் சிலுவைகள் பறிபோகும் என்ற வதந்தியால் அதைப் பூட்டிக் காவலிருந்தார்கள். கிளர்ச்சியைத் தூண்டியது வதந்தி. ஆனால் மடாலயங்களை மூடவும், வரி வசூலிக்கவும், குருமாரைச் சோதிக்கவும் மூன்று அரச ஆணையங்கள் ஒரே சமயத்தில் அந்த மாவட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்ததால்தான் ஊரார் அதை நம்பினார்கள்.