கிளாடிங் பில் வந்தால் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எரியக்கூடிய கிளாடிங்கை (வெளிச்சுவர் மேல் பொருத்தப்படும் பலகை) அகற்ற, சர்வீஸ் சார்ஜில் (கட்டடப் பராமரிப்புக் கட்டணத்தில்) பெருந்தொகை கேட்டிருக்கிறார்களா? வீடு இங்கிலாந்தில் இருந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி, தகுதியுள்ள லீஸ் (நீண்டகாலக் குத்தகை) இருந்தால் ஆபத்தான கிளாடிங்குக்கு ஒரு பென்னிகூடத் தர வேண்டியதில்லை. வேல்ஸ், ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.

கட்டடம் 11 மீட்டராவது உயரம் இருக்க வேண்டும், அல்லது தரைத்தளத்தோடு சேர்த்து 5 தளமாவது வேண்டும். உயரத்தைக் கூரை வரை அளப்பதில்லை. தரைமட்டம் தாழ்ந்திருக்கும் பக்கத்திலிருந்து மேல்தளத்தின் தரை வரைதான் கணக்கு. குடியிருப்பவர்களே சேர்ந்து ஃப்ரீஹோல்டை (நிலமும் கட்டடமும் அடங்கிய முழு உரிமையை) வாங்கிவிட்ட கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

லீஸுக்கு ஒரே தேதிதான் முக்கியம்: 2022 பிப்ரவரி 14. அதற்கு முன் எழுதப்பட்ட, 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட லீஸாக இருக்க வேண்டும். அந்த நாளில் உரிமையாளருக்கு அதுவே முதன்மை வீடாகவோ, பிரிட்டனில் மொத்தம் மூன்று வீடுகளுக்கு மேல் இல்லாமலோ இருந்திருக்க வேண்டும். நீங்கள் 2024-ல் வாங்கியிருந்தாலும் பார்ப்பது அன்றைய உரிமையாளரின் நிலையைத்தான். வாங்கும்போதே அவருடைய 'லீஸ்ஹோல்டர் டீட் ஆஃப் சர்ட்டிஃபிகேட்'டை (லீஸ் தகுதியுள்ளது என்று காட்டும் பத்திரம்) கேட்டு வாங்காதவர்கள் பிறகு அவரைத் தேடி அலைய வேண்டிவரும். நிலவுரிமையாளர் (லீஸ் கொடுத்திருப்பவர்) அந்தப் பத்திரத்தைக் கேட்டால் 8 வாரத்துக்குள் கொடுங்கள். தவறினால் தகுதியில்லாதவராகவே கருதப்படலாம்.

பதிலுக்கு நீங்களும் நிலவுரிமையாளரின் சான்றிதழைக் கேளுங்கள். அதற்கு அவருக்கு 4 வாரம். கொடுக்காவிட்டால் கட்டணத்தை உங்கள் தலையில் சுமத்த முடியாது.

பெரும்பாலும் சிக்கல் வருவது கலப்பு பில்லில்தான். கிளாடிங், தீத்தடுப்புக் கதவு, இரவுக் காவல் (தீப் பிடிக்கிறதா என்று பார்க்கும் 'வேக்கிங் வாட்ச்' ரோந்து) எல்லாம் ஒரே வரியில் வரும். எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். கிளாடிங்குக்குப் பூஜ்யம். மற்ற குறைபாடுகளுக்கும் இரவுக் காவலுக்கும் உச்சவரம்பு உண்டு: லண்டனில் 15,000 பவுண்ட், வெளியே 10,000 (வீட்டின் மதிப்பு பத்து லட்சம் பவுண்டைத் தாண்டினால் அதிகம்). ஆண்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. 2017 ஜூன் 28-க்குப் பிறகு இவற்றுக்குச் செலுத்திய பணமும் இதில் கழியும், ரசீதுகளைத் தேடி எடுங்கள். லண்டனில் 3,25,000 பவுண்டுக்கும், வெளியே 1,75,000-க்கும் குறைவான வீட்டுக்கு இந்தச் செலவும் இல்லை. கட்டடத்தை எழுப்பியவரே நிலவுரிமையாளர் என்றாலும், 2022 பிப்ரவரி 14-ல் அவருடைய குழுமத்தின் நிகர மதிப்பு கட்டடம் ஒன்றுக்கு 20 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தாலும் அப்படியே.

வேலைக்கான பணம் வேறிடத்திலிருந்து வரவேண்டும்: தான் கட்டியவற்றைச் சீரமைப்பதாக அரசுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கட்டுமான நிறுவனம், இல்லையேல் அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹோம்ஸ் இங்கிலாந்தின் கிளாடிங் பாதுகாப்புத் திட்டம். விண்ணப்பிக்க வேண்டியது கட்டடத்துக்குப் பொறுப்பானவர், நீங்களல்ல. அந்தத் திட்டம் வெளிச்சுவருக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் கதவுகளுக்கு இல்லை.

கட்டடத்துக்குப் பொறுப்பானவர் அசையவில்லையா? முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் குறைகளைச் சரிசெய்ய வைக்கும் சீரமைப்பு உத்தரவும், கட்டடத்தை எழுப்பியவரிடமோ அவருடைய துணை நிறுவனத்திடமோ பணம் பெறப் பங்களிப்பு உத்தரவும் கேட்கலாம். இரண்டுக்கும் லீஸ்ஹோல்டரே மனு போடலாம்.