படர்தாமரை மருந்தும் 80 ஆட்டத் தடையும்

2022 ஆகஸ்ட் 12. சான் டியேகோ பாட்ரெஸ் பேஸ்பால் அணியின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு அப்போது 23 வயது. முந்தின ஆண்டுதான் 14 வருடத்துக்கு 340 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். மணிக்கட்டு முறிந்து, அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், இதோ வரப்போகிறார் என்று ஊரே காத்திருந்த நேரத்தில் தடை வந்தது. உடம்பில் க்ளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு எடுத்த மருந்தில் அது இருந்துவிட்டது, தெரியாமல் நடந்தது என்றார் டாட்டிஸ்.

படர்தாமரை என்றதும் நமக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு ஞாபகம் வரும். அவற்றில் பலவற்றில் இருப்பது க்ளோபெட்டசால். பேர் கிட்டத்தட்ட ஒன்று, ஆள் வேறு. அது அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும்; தசையை வளர்க்காது. க்ளோஸ்டெபால் அப்படியல்ல, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் நேர்ப் பங்காளி. இத்தாலி போன்ற சில நாடுகளில் காயத்துக்கு அடிக்கும் ஸ்ப்ரேயில் அது சாதாரணமாகக் கிடைக்கிறது. 2024இல் டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் சிக்கியதும் அதில்தான். மசாஜ் செய்தவர் தன் விரல் காயத்துக்கு அடித்துக்கொண்ட ஸ்ப்ரே அது. ஆகவே டாட்டிஸ் சொன்னது நடக்கவே முடியாத கதை இல்லை. ஆனால் அவர் ஆடும் அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக் பேஸ்பாலில் அதனால் பெரிய லாபமும் இல்லை.

அங்கே விதி கேட்கும் முதல் கேள்வி, உடம்பில் இருந்ததா இல்லையா என்பதுதான். எப்படி வந்தது என்பது அப்புறம். தன்மேல் பெரிய தப்பில்லை என்று வலுவான ஆதாரத்தோடு நிரூபித்தால் தண்டனையைக் குறைக்க வழி உண்டு, ஆனால் நிரூபிக்க வேண்டியது வீரர். “தெரியாது” என்பது ஆதாரம் ஆகாது. டாட்டிஸும் கடைசியில், சரிபார்க்க எல்லா வசதியும் இருந்தது, நான்தான் பயன்படுத்தவில்லை என்று ஒத்துக்கொண்டார். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு அதுதான்: என் உடம்புக்குள் போவதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு.

தண்டனைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2005இல் முதல் முறை மாட்டினால் வெறும் 10 நாள். அமெரிக்க நாடாளுமன்றம் கூப்பிட்டு உலுக்கிய பிறகு, 2006 முதல் 50 ஆட்டம், 100 ஆட்டம், ஆயுள் தடை என்று ஏறியது. 2014 முதல் 80, 162, ஆயுள். ஒரு சீசனுக்கே 162 ஆட்டம்தான் என்பதால் இரண்டாவது முறை என்றால் முழு வருடம் போச்சு. தடைக் காலத்தில் சம்பளம் கிடையாது. தடை முடிந்து வந்தாலும் அந்த வருடத்துப் பிளே-ஆஃபில் ஆட முடியாது. டாட்டிஸின் 80, மீதமிருந்த 48 ஆட்டம், அவர் இல்லாமலே பாட்ரெஸ் ஆடிய 12 பிளே-ஆஃப் ஆட்டம், அடுத்த வருடத்தில் 20 என்று கழிந்தது.

லேபிளை நம்புவது

2008 வேர்ல்ட் சீரிஸில், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரில், ஃபிலடெல்ஃபியாவுக்காக இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்த பிட்சர் (பந்து வீசுபவர்) ஜே.சி. ரொமேரோ. கோப்பை கையில் வந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை, 2009 ஜனவரியில் 50 ஆட்டத் தடை. அவர் எடுத்தது மருந்துச்சீட்டே தேவைப்படாமல், அமெரிக்காவிலேயே கடையில் வாங்கிய சத்துமாத்திரை. லேபிளில் தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் போடவில்லை, விசாரித்துவிட்டுத்தான் எடுத்தேன் என்றார். உற்பத்தி செய்தவர்கள்மேல் வழக்கும் போட்டார். தடை மட்டும் நீங்கவில்லை.

எனக்கு இவர்மேல் பரிதாபம் உண்டு. மற்றவர்களோடு சேர்த்துப் பேசவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் பாடம் என்று பார்த்தால் இவருடையதுதான் எல்லாருக்கும் பொருந்தும். லேபிள் என்பது தயாரித்தவர் சொல்வது, டப்பாவுக்குள் இருப்பதைப் பரிசோதித்தவர் சொல்வது இல்லை. மேஜர் லீக் அணிகள் தங்கள் வீரர்களுக்குக் கொடுக்கும் சத்துமாத்திரைகளுக்கு என்எஸ்எஃப் என்ற அமைப்பின் விளையாட்டுச் சான்று இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். அந்தச் சான்றில்லாத டப்பாவை, கடைக்காரரோ ஜிம் நண்பரோ எவ்வளவு நல்லவராக இருந்தாலும், திறக்காமல் இருப்பதே நல்லது.

அனுமதி இல்லாமல் மருந்து எடுப்பது

2013இல் 53 ஹோம் ரன் அடித்த பால்டிமோர் வீரர் கிறிஸ் டேவிஸ் 2014 செப்டம்பரில் மாட்டியது ஆட்ரல் என்ற கவனக்குறைபாட்டு மருந்துக்கு. மருத்துவ அனுமதியோடு அதை எடுக்கலாம். முந்தைய ஆண்டுகளில் அவரிடம் அனுமதி இருந்தது, அந்த ஆண்டு இல்லை. அவ்வளவுதான் விஷயம். 25 ஆட்டத் தடையில் மீதமிருந்த 17 லீக் ஆட்டமும் அணியின் ஏழு பிளே-ஆஃப் ஆட்டமும் போக, பாக்கி ஒன்று 2015இன் முதல் நாளில் கழிந்தது. ஊர் திருவிழாவில் கொடியேறும் நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல.

“அது ஸ்டீராய்டு இல்லையே” என்பது

மேனி ராமிரெஸுக்கு 2009இல் 50 ஆட்டம். காரணம் எச்சிஜி, பெண்களுக்குக் குழந்தைப்பேறு சிகிச்சையில் கொடுக்கும் ஹார்மோன். 2025 மார்ச் கடைசியில் அட்லாண்டாவின் ஜூரிக்சன் ப்ரோஃபாருக்கு 80 ஆட்டம், அதே எச்சிஜி. ராபின்சன் கனோவுக்கு 2018இல் 80 ஆட்டம். உடம்பில் ஃபியூரோசமைடு, அதாவது நம் வீட்டுப் பெரியவர்கள் கால் வீக்கத்துக்குச் சாப்பிடும் அதே நீர் மாத்திரை.

இவை நேரடியாகத் தசையை ஏற்றாது, உண்மை. ஆனால் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பதை நிறுத்திவிடும். அதை மறுபடி உசுப்ப எச்சிஜி உதவும். நீர் மாத்திரையோ சிறுநீரைப் பெருக்கி, உள்ளே இருப்பதை நீர்த்துப்போகச் செய்யும். வேறு ஒன்றை மறைக்கவோ சரிக்கட்டவோ பயன்படுவதால்தான் பட்டியலில் இருக்கின்றன. தன் நாடான டொமினிகன் குடியரசில் ஒரு டாக்டர் கொடுத்தார் என்றார் கனோ. ஒரு தடவை நம்பலாம். 2020 நவம்பரில் ஸ்டானசோலால் என்ற அசல் ஸ்டீராய்டிலேயே மாட்டியபோது 2021 முழுவதும் போனது, கூடவே சுமார் 24 மில்லியன் டாலர் சம்பளமும்.

தேவையில்லாமல் வாயைத் திறப்பது

மருந்தைவிட அதற்குச் சொன்ன விளக்கத்தால் அதிகம் கெட்டவர்கள் உண்டு. 2005 மார்ச் 17 அன்று நாடாளுமன்றக் குழு முன்னால், விரலை நீட்டி, நான் ஸ்டீராய்டு எடுத்ததே கிடையாது என்றார் ரஃபேல் பல்மீரோ. ஜூலையில் 3,000ஆவது ஹிட். ஆகஸ்ட் 1 அன்று ஸ்டானசோலாலுக்காக 10 நாள் தடை. பத்தே நாள்! ஆனால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் 3,000 ஹிட் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, அந்த விரல்தான் வருகிறது.

ரயன் பிரான் கதை இன்னும் கசப்பு. 2011 அக்டோபரில் எடுத்த அவரது மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் கோளாறு தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மாதிரி எடுத்தவர், அன்றைக்கு கூரியர் போகாது என்று நினைத்து, திங்கள் வரை சுமார் 44 மணி நேரம் வீட்டிலேயே வைத்திருந்தார். முத்திரைகள் எதுவும் உடையவில்லை. ஆனால் நடைமுறை மீறல் என்று நடுவர் ஷ்யாம் தாஸ் தடையை ரத்து செய்தார். அங்கேயே நன்றி சொல்லிவிட்டு பிரான் போயிருக்கலாம். மாறாக, செய்தியாளர்களைக் கூட்டி, உண்மை தன் பக்கம் என்று சொல்லி, மாதிரி எடுத்த அந்த ஊழியர்மேலேயே சந்தேகம் விழும்படி பேசினார். 2013 ஜூலையில் வேறு ஆதாரத்தில் மாட்டி, சீசனில் மீதியிருந்த 65 ஆட்டத்துக்குத் தடையை ஏற்றுக்கொண்டார். பிறகு 2011இல் க்ரீமும் வாயில் அடக்கும் மாத்திரையும் எடுத்ததை ஒப்புக்கொண்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்த ஒருவரைப் பழி சுமக்க வைத்ததுதான் இந்த விவகாரத்தில் எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுகிறது.

சோதனையில் தப்பினால் போதும் என்று நினைப்பது

பிரான் மாட்டிய அந்த வேறு ஆதாரம், ஃபுளோரிடாவில் கோரல் கேபிள்ஸில் இருந்த பயோஜெனசிஸ் என்ற கிளினிக்கின் குறிப்பேடுகள். நடத்திய ஆன்டனி போஷிடம் அமெரிக்காவில் மருத்துவ உரிமமே கிடையாது. அங்கே பணம் போட்ட ஒருவருக்கு 4,000 டாலர் திரும்ப வரவில்லை. அந்தக் கோபத்தில் குறிப்பேடுகளை அவர் வெளியே கொண்டுபோக, 2013 ஜனவரியில் ஒரு மயாமி வார இதழில் எல்லாம் வந்துவிட்டது. யாருக்கு என்ன, எவ்வளவு என்று கையால் எழுதிய பக்கங்கள்! கோடிகளில் புரளும் ஆட்டத்தின் ரகசியம் கடைசியில் ஒரு கடன் பாக்கியில் கசிந்தது.

ஆகஸ்ட் 5 அன்று 12 பேர் ஆளுக்கு 50 ஆட்டத் தடையை ஏற்றுக்கொண்டார்கள். அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு மட்டும் 211. மேல்முறையீட்டில் 162 ஆகக் குறைந்து, 2014 முழுவதும் வெளியே இருந்தார். ஆவணமும் சாட்சியமும் போதும், சிறுநீர் மாதிரி தேவையில்லை என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இங்கே வாசகர் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். ஹோம் ரன் சாதனைகளுக்குப் பேர்போன பேரி பாண்ட்ஸ், மார்க் மெக்வயர் இருவரும் ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட்டவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. சந்தேகம், விசாரணை, மெக்வயர் விஷயத்தில் 2010இல் ஒப்புதல் வாக்குமூலம் எல்லாம் உண்டு. தடை மட்டும் இல்லை.

மறுபடியும் மறுபடியும்

மெட்ஸ் அணியின் ஹென்ரி மெஹியா 2015 ஏப்ரலில் 80 ஆட்டம், ஜூலையில் 162, 2016 பிப்ரவரியில் ஆயுள் தடை. பத்து மாதத்தில் மூன்று. ஊக்கமருந்துக்காக ஆயுள் தடை வாங்கிய முதல் ஆள். இரண்டு ஆண்டு கழித்து நிபந்தனையோடு அதை நீக்கினார்கள். இதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்றே தெரியவில்லை.

பொய்க்கு ஆதாரம் தயாரிப்பது

கடைசியாக மெல்கி கப்ரேரா. 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரர். ஆகஸ்ட் நடுவில் டெஸ்டோஸ்டிரோனுக்காக 50 ஆட்டம். அதற்கு முன்னால் அவரது ஏஜென்ட் வட்டத்து ஆள் ஒருவர் 10,000 டாலருக்கு ஒரு இணையதளத்தை வாங்கி, இல்லாத ஒரு க்ரீமுக்கு அதில் விளம்பரம் போட்டார். இதை நம்பி வாங்கிப் பூசினேன், இதில் ஸ்டீராய்டு இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று கப்ரேரா சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. விசாரித்தவர்கள் தளத்தைத் தோண்டிப் பார்த்ததுமே குட்டு உடைந்தது.

தடை விழுந்தபோது அவர் பேட்டிங் சராசரி 0.346. அதிகச் சராசரிக்குக் கொடுக்கும் பேட்டிங் பட்டத்துக்கு 502 முறை பேட் பிடித்திருக்க வேண்டும். அவர் பிடித்தது 501. குறையும் ஒன்றை அடிக்காமல் அவுட்டானதாகச் சேர்த்துக் கணக்குப் பார்க்க விதி இடம் கொடுக்கிறது. அப்படிப் பார்த்தாலும் பட்டம் அவருக்குத்தான். அசிங்கமாக இருக்கும் என்று அவரே, என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பட்டம் அதே அணியின் பஸ்டர் போஸிக்கு, 0.336க்குப் போனது. தடை பிளே-ஆஃப் நடுவிலேயே முடிந்தும் ஜயன்ட்ஸ் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவர் இல்லாமலே வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது.

அந்த வருடக் கடைசியில் டொரோன்டோ அணி கப்ரேராவுக்கு இரண்டு ஆண்டுக்கு 16 மில்லியன் டாலர் கொடுத்தது. பயோஜெனசிஸில் மாட்டிய ஜானி பெரால்டாவுக்கு அதற்கடுத்த நவம்பரில் செயின்ட் லூயிஸ் கொடுத்தது நான்கு ஆண்டுக்கு 53 மில்லியன்.